வாடகை வண்டியும் வராத காப்பீடும்

கோவளத்திலோ வர்க்கலையிலோ வாடகைக்கு ஸ்கூட்டர் எடுத்துக் கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் அயல்நாட்டவர் வழியில் விழுந்தால், அதற்கு இரண்டு விளக்கங்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. ‘இந்தியச் சாலைகள் அப்படித்தான்’ என்பது ஒன்று. ‘இவர்களுக்கு எதற்கு இந்தச் சாகச வேட்கை’ என்பது மற்றொன்று. முன்னது சுற்றுலாவியல் கருத்தரங்குகளில் நயமான சொற்களிலும், பின்னது பாறசாலைத் தேநீர்க் கடைகளில் அத்துணை நயமற்ற சொற்களிலும் ஒலிக்கும். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே: சாவியைக் கையில் கொடுத்தவரை அவை பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றன.

சாலையின் குற்றத்தை மறுப்பதற்கில்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் இருசக்கர வாகனங்களில் சென்றோர் 74,897 பேர் என மத்திய அரசின் அறிக்கையே கூறுகிறது. எல்லைப்புறத்தின் நிலையோ தனி. கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலையில் தங்குதடையின்றி வருபவர், காரோட்டை அடைந்ததும் திடீரென்று பழைய காலத்துக்குள் இறங்குகிறார். அதற்குத் தெற்கே தமிழ்நாட்டுப் பகுதியின் நான்குவழிப் பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. பாறசாலை, இஞ்சிவிளை, களியக்காவிளை, குழித்துறை என்று நெளியும் பழைய நெடுஞ்சாலையில் இரு மாநிலப் பேருந்துகளும், விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பாறை ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளும், சந்தைக் கூட்டமும் ஒரே தாரின் மீது இடம் தேடுகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இப்பகுதியை நனைக்கின்றன. வலப்புறம் ஓட்டிப் பழகிய ஐரோப்பியரின் கண், சந்திப்பில் முதலில் தவறான திசையையே நோக்கும். கியர் வண்டியில் பழகியவரின் இடக்கை, நெருக்கடியில் கிளட்ச் என்று எண்ணி ஸ்கூட்டரின் பிரேக்கைப் பற்றும்.

ஆயினும் இவை யாவும் வாடகைக் கடைக்காரர் முன்கூட்டியே அறிந்தவை. அறிந்தும் அவர் கேட்காமல் விடும் ஒரு கேள்வியிலிருந்தே வாதம் தொடங்க வேண்டும்: ‘இந்த வண்டியை ஓட்ட உங்களுக்கு உரிமம் உண்டா?’

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்னும் சிற்றேட்டைக் கண்டதும் பலருக்கு மனம் நிறைந்துவிடுகிறது. இந்தியா ஏற்றுள்ள 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை வாகனங்களை வகைவகையாகப் பிரிக்கிறது. மோட்டார் சைக்கிள் ‘ஏ’ வகை. கார் ‘பி’ வகை. ஏட்டில் ‘பி’ கட்டத்தில் மட்டும் முத்திரை இருப்பின், 110 சிசி ஸ்கூட்டரைத் தொடவும் அதன் உரிமையாளருக்கு உரிமை இல்லை. ஜெர்மனியில் கார் உரிமம் உள்ளோர் கூடுதல் பயிற்சி பெற்று 125 சிசி வரையிலான வண்டியை ஓட்டலாம் என்ற ஏற்பாடு 2019 இறுதியில் வந்தது. அதுவும் ஜெர்மனியின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். வியட்நாமில் இதே சிக்கல் மறுதலையாக நிற்கிறது. அந்நாடு 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் ஏட்டையே ஏற்பதால், 1949ஆம் ஆண்டு ஏட்டுடன் செல்லும் ஆஸ்திரேலியர் அங்கே உரிமமற்றவர். ஏடு இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. எந்த உடன்படிக்கையின் ஏடு, எந்தக் கட்டத்தில் முத்திரை என்று பார்க்க வேண்டும். அதற்கு அரை நிமிடம் போதும்.

அடுத்தது வண்டியின் தகுதி. வாடகைக்கு விடும் மோட்டார் சைக்கிளுக்கென 1997இல் மத்திய அரசு தனித் திட்டம் வகுத்தது. சுயமாக ஓட்டும் வாடகை வண்டிக்குக் கருப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து வேண்டும். வெள்ளைத் தகடு மாட்டிய சொந்த வண்டியை ‘நண்பருக்குக் கொடுத்தேன்’ என்று சொல்லி வாடகைக்கு விடுவது, காப்பீட்டு நிறுவனத்தின் கையில் மறுப்பதற்கான சட்டக் காரணத்தை வலியக் கொடுப்பதாகும்.

இங்குதான் விபத்தின் உண்மையான விலை தெரியவரும். மூன்றாம் தரப்புக் காப்பீடு பிறருக்கானது, ஓட்டுபவருக்கானதன்று. இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் மாட்டுவண்டி மீது மோதி இறந்த ஒருவரின் குடும்பம் தொடுத்த வழக்கில் (நிங்கம்மா வழக்கு, 2009), இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர், ஆகவே 163-ஏ பிரிவின் கீழ் இழப்பீடு கோர இயலாது என உச்ச நீதிமன்றம் கூறியது. அயல்நாட்டவர் தம் ஊரில் எடுத்துவந்த பயணக் காப்பீடும் பெரும்பாலும் செல்லத்தக்க உரிமத்தையும் தலைக்கவசத்தையும் நிபந்தனையாக வைக்கிறது. 2025இல் வந்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் ஏழு நாள்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஈடுசெய்யும். தலைக்காயத்தின் தீவிர சிகிச்சைக்கும் பின்னர் விமானத்தில் படுக்கையோடு ஊர் திரும்புவதற்கும் அது எம்மாத்திரம்?

சாலையோரம் நின்ற பாறசாலைக்காரரின் நிலை இன்னும் கசப்பானது. எந்தக் கருத்தரங்கிலும் அவர் பேசுபொருளாவதில்லை. சுவரண் சிங் வழக்கின் (2004) தீர்ப்பு வழியாக, உரிமமற்றவர் ஓட்டினாலும் காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குச் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு தீர்ப்பாயம் ஆணையிட இடமுண்டு. அந்த ஆணை வரும்வரை வழக்காடப்போவது கூலிவேலைக்குப் போக முடியாமல் படுத்திருப்பவரே. வண்டியின் பதிவு கேரளத்தில், விபத்து நிகழ்ந்த இடம் களியக்காவிளை எனில் வழக்கு தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில், ஓட்டியவரோ ஹாம்பர்க்கில். 1956இல் வரையப்பட்ட எல்லைக்கோட்டின் இருபுறமும் உறவும் சந்தையும் பகிர்ந்து வாழும் மக்களுக்கு, இழப்பீட்டுக்காக அலையும்போதுதான் அக்கோடு கண்ணில் குத்துகிறது.

‘இத்தனை கேள்வி கேட்டால் சிறு கடைகள் பிழைப்பது எப்படி’ என்பர். பிழைப்பின் பெயரால் இவ்வாதத்தை வைப்போர், பின்னர் வரும் வசூல் ஆணை அச்சிறு கடைக்காரரின் தலைமீதே விழும் என்பதைச் சொல்வதில்லை. மறுபுறம், 2023 மார்ச்சில் பாலித் தீவின் ஆளுநர், அயல்நாட்டுப் பயணிகள் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுப்பதையே தடைசெய்ய வேண்டும் என்றார். அதுவும் ஒரு சோம்பல்தான். ‘ஏ’ முத்திரையும் பல்லாண்டுப் பழக்கமும் உள்ளவரையும், நேற்றுவரை மிதிவண்டியில் சென்றவரையும் கடவுச்சீட்டின் நிறத்தை வைத்து ஒன்றாக்குவது விதியாகாது.

புதுச்சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 180ஆம் பிரிவு, உரிமமற்றவரை ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளரையோ வண்டியின் பொறுப்பாளரையோ நேரே குற்றவாளியாக்குகிறது: மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அமரவிளையிலோ இஞ்சிவிளையிலோ வண்டியை மறித்து ஏட்டைப் புரட்டுவது காலம் கடந்த செயல். அதற்குள் அந்த வண்டி கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் வந்திருக்கும். புரட்ட வேண்டிய இடம் வாடகைக் கடையின் மேசை. புரட்ட வேண்டிய கை சாவியை வைத்திருக்கும் கை.