கடிவாளம் யார் கையில்?

வேலை நேரத்தைத் தளர்த்தினால் உழைப்பவன் சோம்பிப்போவான் என்று முதலாளிமார் சொல்லிவந்த காலம் ஒன்று உண்டு. இன்று அவர்களே ‘நெகிழ்வான வேலை நேரம்’ என்று முழங்குகின்றனர். இம்மனமாற்றத்தைக் கண்டு மகிழுமுன், நெகிழ்வு யாருக்கு என்று கேட்பது நம் கடமை.

1967-ஆம் ஆண்டில், மேற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரையடுத்த ஒட்டோபுருன்னில், விமானத் தொழிலகமொன்று இம்முறையைக் கைக்கொண்டது. அனைவரும் ஒரே வேளையில் வந்து நெரிசலில் சிக்கியதே காரணம். எல்லோரும் இருந்தாகவேண்டிய நடுநேரம் ஒன்று வகுக்கப்பட்டது. அதன் முன்னும் பின்னும் வருவதும் போவதும் ஊழியர் விருப்பமாயிற்று. இத்தகைய முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் வெளியான ஆராய்ச்சி, உற்பத்தி உயர்ந்ததையும், அதனினும் தெளிவாக, வேலைக்கு வராமை குறைந்ததையும் காட்டிற்று. இதில் வியப்பென்ன? பிள்ளையை மருத்துவரிடம் காட்ட முழுநாள் விடுப்பெடுத்தவர், இரண்டு மணி தாமதித்து வந்து அன்றைய வேலையை முடித்துவிடலாம். ஜும்ஆவுக்குச் செல்பவர் மேலாளர்முன் தயங்கி நிற்கவேண்டுவதில்லை.

இதே பெயரால் தமிழகத்தில் நடந்ததென்ன? 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது. நாளொன்றுக்கு 9 மணி என 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இட்ட வரம்பிலிருந்து ஆலைகளுக்கு விலக்களித்து, 12 மணி நேர வேலைக்கு அது வழி திறந்தது. வாரத்திற்கு 48 மணி மாறாது, நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்று சமாதானம் சொல்லப்பட்டது. பத்தாவது மணியில் இயந்திரத்தின்முன் தளரும் கைக்கு, ஐந்தாம் நாள் ஓய்வு எப்படித் துணைவரும்? தொழிற்சங்கங்கள் வெகுண்டெழுந்தன, மே முதல் நாள் மசோதா திரும்பப் பெறப்பட்டது. சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய 1923-க்குச் சரியாக நூறாண்டு கழித்து!

நேரச் சுதந்திரம் மட்டும் போதுமா என்றால், அதுவுமில்லை. மேலப்பாளையத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் நம் சகோதரியருக்கு மணியடிப்பார் எவருமிலர். ஆயினும் எண்ணிக்கைக்கே கூலி என்பதால், அடுப்படி வேலை முடிந்தபின்னும் அவர்களின் விரல்கள் ஓய்வதில்லை.

ஆகவே நாம் கேட்பது இரண்டே: நேரத்தைத் தேர்பவர் தொழிலாளியாக இருக்கட்டும், வேலை வரம்புக்கும் கூலிக்கும் சட்டம் காவல் நிற்கட்டும். அப்போது உற்பத்தி தானே பெருகும். கடிவாளம் முதலாளி கையில் இருக்கும்வரை, நெகிழ்வு என்பது சாட்டைக்குச் சூட்டிய பெயரேயன்றி வேறல்ல.