ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பவர்

பதிவு கொஞ்சம் நீளம். டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன ஞாயிறு கவரைப்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் பழைய மாணவன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பதினோரு வருடமாகக் காண்ட்ராக்ட் வேலை. "எப்படிடா இருக்க?" என்றேன். "ஏதோ ஓடுது சார். பர்மனென்ட் ஆகும், ஆகும்னு பார்த்தே முப்பத்தஞ்சு வயசாயிடுச்சு. டிப்ளமோவையும் ரெண்டு பேப்பர் பாக்கியோட விட்டுட்டேன். இனிமே என்ன சார்?" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை எழுதுகிறேன்.

அவன் எங்கள் பள்ளி கிரிக்கெட் அணியின் விக்கெட் கீப்பர். அதனால் நினைவுக்கு வந்தவர் நம் சென்னையில் பிறந்த தினேஷ் கார்த்திக்.

2004 செப்டம்பரில், 19 வயதில், லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டி ஆடினார். ஹர்பஜன் பந்தில் இங்கிலாந்து கேப்டன் மைக்கேல் வானை அவர் பாய்ந்து ஸ்டம்பிங் செய்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நவம்பரிலேயே டெஸ்ட் வாய்ப்பும் வந்தது. ஆனால் 2005 டிசம்பரில், அவருடைய சொந்த ஊரான சேப்பாக்கத்திலேயே, அவர் இடத்தில் தோனி டெஸ்ட்டில் அறிமுகமானார். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

அணியில் பேட்ஸ்மேன் ஆறு பேர் ஆடலாம், பவுலர் ஐந்து பேர் ஆடலாம். கையுறை போடுகிறவர் ஒருவர்தான். அந்த இடத்தில் தோனி போன்றவர் வந்துவிட்டால் இன்னொருவர் என்னதான் செய்வார்? கார்த்திக் கிடைத்த இடத்தில் ஆடினார். 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, 263 ரன்களுடன் நம் அணியிலேயே அதிக ரன் எடுத்தார். 2010க்குப் பிறகு அடுத்த டெஸ்ட் ஆட அவருக்கு எட்டு வருடம் ஆயிற்று. அத்தனை வருடமும் தமிழ்நாட்டு அணிக்கு ஆடிக்கொண்டேதான் இருந்தார்.

2018 மார்ச் 18, கொழும்பு. வங்கதேசத்துக்கு எதிரான இறுதிப் போட்டி. 12 பந்தில் 34 ரன் வேண்டிய நேரத்தில் உள்ளே வந்தார். முதல் பந்தே சிக்ஸர். கடைசிப் பந்தில் 5 ரன் தேவை, அதுவும் சிக்ஸர். 8 பந்தில் 29. ஊரே கொண்டாடியது அந்த எட்டுப் பந்தை. நான் நினைப்பது, அந்த எட்டுப் பந்துக்கு முன்னால் யாரும் பார்க்காமல் வலைப்பயிற்சியில் அவர் ஆடிய ஆயிரக்கணக்கான பந்துகளை. 2022இல், 37 வயதில், மறுபடியும் இந்திய அணிக்குள் வந்து டி20 உலகக் கோப்பை ஆடினார். 26 டெஸ்ட், 94 ஒருநாள், 60 டி20. 2024 ஜூன் 1, தன் பிறந்த நாளில், ஓய்வை அறிவித்தார். இரண்டாம் இடத்திலேயே இருந்தவர் என்று சிலர் சொல்வார்கள். இருபது வருடம் தயாராகவே இருந்தவர் என்று நான் சொல்வேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பெஞ்சில் உட்கார்ந்தாலும் கிரிக்கெட் வீரருக்குச் சம்பளம் உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. ஆகவே "பொறுமையாக இரு, எல்லாம் வரும்" என்று உபதேசம் செய்ய எனக்கு மனமில்லை. வருடக்கணக்கில் ஒரே மெஷினில் நிற்பவனை நிரந்தரமாக்காதது அவன் குறை அல்ல. அதைக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. கார்த்திக்கிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது காத்திருப்பதை அல்ல. காத்திருக்கும்போதும் கையுறையைக் கழற்றாமல் இருந்ததை.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. கீப்பர் நூறு பந்து பிடித்தால் யாரும் பேசமாட்டோம், ஒன்றை விட்டால் ஊரே பேசும். ஷிப்ட் பஸ்ஸில் தூக்கம் கெட்டுப் போய் வந்து குடும்பத்தைத் தாங்குகிற பிள்ளையிடம், பார்க்கும்போதெல்லாம் "இன்னும் பர்மனென்ட் ஆகலையா?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள்.

கடைசியாக என் தவறு. அந்தப் பையனை கீப்பராக்கியது நான்தான். திறமையைப் பார்த்து அல்ல. "உனக்கு பேட்டிங்கும் வராது, பவுலிங்கும் வராது, போய் ஸ்டம்புக்குப் பின்னால நில்லு" என்று அனுப்பினேன். அணியிலேயே கடினமான வேலை அது என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து எழுந்தவன் அவன் ஒருவன்தான். ஒரு நாள்கூட நான் அவனைப் பாராட்டவில்லை.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். நீ நல்ல கீப்பர்டா. இருபது வருடம் தாமதமாகச் சொல்கிறேன். பாக்கி இருக்கிற இரண்டு பேப்பரையும் எழுது. முடித்தால் வேலை உறுதி என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பந்து வரும்போது கை தயாராக இருக்கட்டும். கணக்கு சந்தேகம் இருந்தால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வா. திண்ணையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்