யாப்பில் இல்லாத சொல்

ஆசிரியபீடத்தில் சொற்களைத் திருத்தியே காலத்தைக் கழித்தவன் நான். ஆகவே, அமெரிக்க அரசியல் யாப்பை மனித சுதந்திரத்தின் வேதமாகப் போற்றும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1787இல் பிலடெல்பியாவில் 39 பேர் ஒப்பமிட்ட அந்த ஆவணத்தில் ‘அடிமை’ என்ற சொல்லைக் கண்டதுண்டா? காண மாட்டீர்கள். அடிமைகள் இருந்தார்கள், சொல்தான் இல்லை.

பிரதிநிதிகள் சபை ஆசனங்களைப் பங்கிடக் குடித்தொகையைக் கணக்கிட்டபோது அவர்கள் ‘ஏனைய ஆட்கள்’ ஆயினர்; ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்பட்டனர். முழுதாக எண்ணவேண்டும் என்று வாதிட்டவர்கள் யார் தெரியுமா? அடிமை முறையை விடாப்பிடியாகக் காத்துநின்ற தென் கரோலினாவின் பிரதிநிதிகள்! வாக்கற்றவனின் தலையை எண்ணி எசமானுக்கு ஆசனம் தேடும் கணக்கு அது. தப்பியோடியவனோ ‘சேவைக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட ஆள்’ ஆனான். அவனைப் பிடித்து ஒப்படைக்கவும் அதே யாப்பு விதி செய்தது.

மனிதரில் சொத்துரிமை உண்டென்ற கருத்தை யாப்பில் ஏற்பது தவறு என்று அந்த மாநாட்டிலேயே சொன்னவர் ஜேம்ஸ் மடிசன். அவரும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரே. வெட்கத்தினாலேயே சொல்லைத் தவிர்த்தார்கள் என்று பரிந்து பேசுவோர் உளர். இருக்கட்டும். அந்த வெட்கம் எவருடைய விலங்கை அவிழ்த்தது?

‘அடிமைத்தனம்’ என்ற சொல் அந்த யாப்பினுள் முதன்முதலாக நுழைந்தது 1865இல், உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டில், அதனை ஒழித்த 13ஆவது திருத்தத்தின் வழியாக.