ஊருக்கு ஒரு புகைப்புரை

குலசேகரம், திருவட்டாறு பக்கம் போனால் ரப்பர் மரங்களுக்கு நடுவே கரி படிந்த சின்னக் கட்டிடம் ஒன்று கண்ணில் படும். ஓட்டு இடுக்கில் புகை கசியும். அதுதான் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரை.

சிரட்டையில் வடிந்த பாலை ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் அடித்து, உள்ளே தொங்கவிட்டு 40 முதல் 60 டிகிரி சூட்டில் சுமார் 4 நாள் புகை போடுவார்கள். ஈரம் போகும், பூஞ்சை பிடிக்காது.

வெயில் போதாதா என்று கேட்கலாம். நேர் வெயிலில் ரப்பர் கெடும். அதோடு தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது.

அரை ஏக்கர்காரரால் தனியாகப் புரை கட்ட முடியாது. அதனால் ஈர ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார். நன்றாகப் புகைபோட்ட ஷீட் என்றால் விலை ஏறும்வரை வைத்திருக்கலாம்.

ரப்பர் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. அது நம் கையில் இல்லை. தரம் நம் கையில்தான் இருக்கிறது. கேரளத்தில் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் பொதுப் புகைப்புரை நடத்திக் காட்டியிருக்கின்றன. இங்கேயும் பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். விலை கேட்டுப் போராடும் நாம், ஊருக்கு ஒரு புகைப்புரையும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.