பூசத்தைப் பார்த்தவர் உண்டா?

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறோம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறோம். பூச நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஆனால் அந்தப் பூசத்தைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. சமீப காலமாக வேறொரு பதில் வருகிறது: "இதோ பாருங்கள் சார், செல்போனில் தெரிகிறதே!"

இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

சென்ற மாசி அமாவாசையை ஒட்டி இரும்பை ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஆகாயம் பார்க்கக் கூடினோம். இரும்பை மாகாளம் சம்பந்தர் பாடிய ஸ்தலம். அவ்வூர்க் கதையில் வரும் கடுவெளிச் சித்தரின் பெயரிலேயே வெளி இருக்கிறது, பொருத்தமான இடம்தான். தென்கிழக்கே புதுச்சேரியின் வெளிச்சம் அடிவானத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாலும் தலைக்கு மேலே இருட்டு இன்னும் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்துக்கு எங்கள் கூட்டமே எமனாயிற்று. நிமிஷத்துக்கு ஒரு முகம் நீலமாக ஒளிரும், ஒரு கை செல்போனை ஆகாயத்தை நோக்கித் தூக்கும், திரையில் நண்டு உருவம் கோடு கோடாய் வரும், "ஆஹா!" என்பார்கள். ஒரு சிறுமி மட்டும் மேலே பார்த்துவிட்டு, "மாமா, அங்கே ஒண்ணுமே தெரியலையே" என்றாள். குழந்தை பொய் சொல்லவில்லை.

நம் கண்ணில் இரண்டு வகை அணுக்கள் உண்டு. பகலுக்கும் வர்ணத்துக்கும் கூம்பு அணுக்கள். இரவுக்குக் கோல் அணுக்கள். பின்னது ஒரு கண்ணில் சுமார் 12 கோடி. அவற்றில் ஊறுகிற ஒரு சாயம் வெளிச்சம் பட்டதும் வெளிறிவிடும். மறுபடி ஊறி நிறைய 20, 30 நிமிஷம் இருட்டில் காத்திருக்க வேண்டும். அந்தச் சாயத்துக்கு ஏ வைட்டமின் தேவை. அது குறைந்தால் வருவதுதான் மாலைக்கண். முருங்கைக்கீரை வாங்க வழியில்லாத ஏழைக்கு வந்த நோயை, நாம் கடையில் தவணை கட்டி வாங்கி வருகிறோம். அரைமணி நேரம் சேர்த்த பார்வையைக் கரைக்கப் பிரகாசமான திரைக்குச் சில விநாடி போதும்.

"செயலியில் சிவப்புத் திரை இருக்கிறதே, பத்தாம்பசலி மாதிரிப் பேசுகிறீரே" என்கிறார் ஒரு நண்பர். சிவப்பின் நியாயம் எனக்கும் தெரியும். இரண்டாம் உலக யுத்தத்தில் இரவில் பறக்கவேண்டிய விமானிகள் சிவப்புக் கண்ணாடி அணிந்து காத்திருந்தார்கள். அடர்ந்த சிவப்பு கோல் அணுக்களை அதிகம் தொடுவதில்லை. ஆனால் சிவப்பானாலும் பளிச்சென்று எரிந்தால் கெடுதல்தான். அது செயலிக்குள் மட்டும் சிவப்பு. மைத்துனர் அனுப்பிய காலை வணக்கம் நள்ளிரவில் வந்து சேரும்போது, மேலே ஒரு வெள்ளைச் சீட்டு பளீரென்று குதிக்கிறதே, அதற்கு என்ன பரிகாரம்?

செல்போனைக் கிணற்றில் போடச் சொல்லவில்லை. சாயங்காலமே வீட்டில் அதைப் பார்த்து, வழியை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் எடுத்தே தீரவேண்டுமென்றால் ஒளியை அடிமட்டத்துக்கு இறக்கி, செய்தி வரும் வாசலை அடைத்து, திரை முழுவதும் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். மூடிய கண்ணாவது பிழைக்கும்.

பூசத்துக்கு வழி சொல்ல இயந்திரம் வேண்டியதில்லை. மாசி மாத முன்னிரவில் கிழக்கே, புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்கும் மகத்துக்கும் நடுவே வெறுமையாகத் தெரியும் இடம்தான். பூசத்தின் நட்சத்திரங்கள் மங்கல். அவற்றின் நடுவே ஊதிய புகை போல ஒரு கொத்து, சுமார் 600 ஒளியாண்டு தூரத்தில். நேரே முறைத்தால் மறைந்துவிடும், கண்ணின் நடுமையத்தில் கோல் அணுக்கள் இல்லாததால். சற்றுத் தள்ளிப் பார்த்தால் தென்படும்.

இருட்டைத் தேடித்தான் விஞ்ஞானிகள் ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போனார்கள். 1986-ல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. லடாக்கில் ஹான்லேயைச் சுற்றி 2022-ல் இருள்வானக் காப்பகமே அறிவித்திருக்கிறார்கள். இரும்பைக்கு அறிவிப்பு எதுவும் வேண்டாம். கூட்டம் கூட்டுகிறவர்கள் முதல் வேலையாக ஒரு துணிப்பையை நீட்டிச் செல்போன்களை வாங்கிக் கட்டிவைக்கட்டும். தாமதமாக வருகிறவர்கள் வண்டியின் முன்விளக்கைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு நடந்து வரட்டும். கார்க் கதவைத் திறந்தால் உள்ளே எரிகிறதே ஒரு சின்ன விளக்கு, அதையும் சேர்த்து.