மஞ்சள் மாத்திரையும் டமாக்சிபெனும்

“மூலிகைதானே, கூடச் சேர்த்துச் சாப்பிட்டால் என்ன கெட்டுவிடும்?” மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்திலேயே அந்தப் பெண்ணின் காதில் விழத் தொடங்கும் பேச்சு இது. சொல்பவர்கள் அக்கா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர். அத்தனை பேரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் நிற்காது.

முதல் காரணம், மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது என்பது. கீமோவில் ஏற்றும் பாக்ளிடாக்சல், பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கண்டெடுத்த பொருள். வினோரெல்பின், நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியின் வேதிப்பொருளிலிருந்து உருவானது. தாவரத்தில் பிறந்த பாக்ளிடாக்சல்தான் முடியைக் கொட்ட வைக்கிறது, விரல்களை மரத்துப்போகச் செய்கிறது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்தவர்களில் 6 பேருக்குக் கல்லீரல் பாதித்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அடுத்த ஆண்டே பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து இதுபோன்ற 43 பேரைப் பற்றி எழுதின. கீமோ மருந்துகள் பலவற்றைக் கையாள்வதும் அதே கல்லீரல்தான்.

“மஞ்சள் நாம் தினமும் சாப்பிடுவதுதானே?” இதுதான் அதிகம் கேட்கும் வாதம், நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியதும் இதற்குத்தான். ஹார்மோன் சார்ந்த கட்டி உள்ளவர்களுக்கு டமாக்சிபென் மாத்திரையை ஐந்து ஆண்டு, சில சமயம் பத்து ஆண்டுகூடத் தருகிறார்கள். அந்த மாத்திரையின் வேலையில் பெரும்பங்கைச் செய்வது, கல்லீரல் அதை மாற்றித் தரும் எண்டாக்சிபென் என்ற பொருள். 2019இல் நெதர்லாந்தில், டமாக்சிபென் எடுத்துவந்த பெண்களுக்குக் குர்குமினை வேளைக்கு 1,200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் எண்டாக்சிபென் குறைந்தது. மிளகின் சத்தான பைப்பரினையும் சேர்த்தபோது சுமார் 12 சதவீதம் இறங்கியது. சிலருக்கு அது பலன் தரும் அளவுக்குக் கீழே போய்விடக்கூடும் என்று எச்சரித்தார்கள். பங்கேற்றவர்கள் 16 பேர்தான். நோய் திரும்பி வந்ததா என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை. ஆனாலும் பத்தாண்டு மாத்திரையை நம்பியிருக்கும் பெண்ணுக்கு இந்தச் சந்தேகமே போதாதா?

மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். அந்தப் பெண்கள் ஒரு நாளில் விழுங்கிய அளவு வேண்டுமென்றால் 100 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும். ரசத்துக்கும் குழம்புக்கும் யாரும் பயப்பட வேண்டாம். கடையில் விற்கும் மாத்திரைகள் பலவற்றில், உடம்பு நன்றாக உறிஞ்சட்டும் என்று பைப்பரினையும் சேர்த்தே அடைக்கிறார்கள். அதைச் சமையல் என்று சொல்ல முடியாது.

ஆன்டி ஆக்சிடன்ட் உடம்பைத் தேற்றும் என்பது அடுத்தது. கீமோ மருந்துகள் சிலவும் கதிர்வீச்சும் புற்றணுவைக் கொல்வதே ஆக்சிஜனேற்றச் சேதத்தின் வழியாகத்தான். அந்தச் சேதத்தைத் தடுக்கும் மாத்திரையை அதே வாரத்தில் விழுங்கினால் யாருக்குக் காவல்?

“டாக்டரிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்பார்.” இதில் பாதி நியாயம் இருக்கிறது. அறிவியல் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோயாவுக்குப் பயந்தவர்கள் பலர். ஷாங்காயில் 5,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், சோயா உணவு அதிகம் சாப்பிட்ட பெண்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. அது உணவு, சோயாவின் சத்தைப் பிரித்தடைத்த மாத்திரைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இவ்வளவையும் எடுத்துச் சொல்ல நேரமில்லாமல் அதட்டி அனுப்பும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அதட்டு வாங்கியவர் அடுத்த முறை கசாயத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. கல்லீரல் சோதனையில் அளவுகள் எகிறும்போது கீமோதான் காரணம் என்று நினைத்து அதைத் தள்ளிப்போடுவார்கள், அல்லது அளவைக் குறைப்பார்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் சூரணம் அவர்களுக்குத் தெரியாது.

அதனால் மருத்துவமனைக்குப் போகும்போது கோப்போடு அந்த மாத்திரை டப்பாவையும், கசாயப் பொடியின் பெயரையும் கொண்டுபோங்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். பூண்டு மாத்திரை, கிங்கோ போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் செவிலியர், “வேறென்ன சாப்பிடுறீங்கம்மா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, பதிலைக் கோப்பிலேயே குறித்துவைக்க வேண்டும்.