கதையிலிருந்து வெளியேற்றப்படும் மனிதர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவு, வழக்கமாகப் பார்க்கும் தொடர் முடிவதற்குள்ளாகவே என் தாயார் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்துவிட்டார். அந்தத் தொடரில் வரும் வீட்டின் மூத்த பெண்மணி அன்றைய கதையில் இறந்துபோயிருந்தார். மறுநாள் அம்மா மீண்டும் பார்த்தார். அதற்கு மறுநாளும் பார்த்தார். மூன்று வாரம் கழித்து, இரவு உணவின்போது திடீரென்று சொன்னார்: “அவ செத்ததைக்கூடப் பொறுத்துக்கலாம்ப்பா. போட்டோவுக்கு மாலை போட்டதோட சரி. அந்த வீட்டுல ஒருத்தராவது அவ பேரைச் சொன்னாங்களா?”

நான் சிரித்தேன். இல்லாத ஒரு மனுஷிக்காக இவ்வளவு வருத்தமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என் தந்தை காலமாகி அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு விளங்கப் பின்னும் சில காலம் பிடித்தது.

தொடர்களில் ஒரு பாத்திரம் நீக்கப்படும்போது ரசிகர்கள் வருந்துவதை நாம் பொதுவாகக் கேலியாகவே பார்க்கிறோம். வேலையற்றவர்களின் கவலை என்று ஒதுக்குகிறோம். எந்தெந்தப் பாத்திரங்களின் நீக்கத்தை மக்கள் மன்னிக்க மறுக்கிறார்கள் என்பதைக் கவனித்தால், அந்த வருத்தத்துக்குள் கூர்மையானதொரு விமர்சனம் இருப்பது தெரியும்.

உத்தரத்தை யாரும் புகழ்வதில்லை

அமெரிக்காவில் 1930-களில் வானொலியில் ஒலிபரப்பான குடும்ப நாடகங்களுக்குச் சோப்பு நிறுவனங்கள் விளம்பரம் அளித்ததால் அவற்றுக்கு ‘சோப் ஓபரா’ என்ற பெயர் வந்தது. அவற்றில் மிக நீண்ட ஆயுள் கொண்டது ‘கைடிங் லைட்’. 1937-இல் வானொலியில் தொடங்கி, 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009-இல் முடிவுற்றது. 72 ஆண்டுகள்!

அந்தத் தொடரில் மவ்ரீன் பாவர் என்றொரு பாத்திரம். 1986 முதல் எலன் பார்க்கர் அதில் நடித்துவந்தார். மவ்ரீன் பேரழகியோ சூழ்ச்சிக்காரியோ அல்ல. ஒரு மருத்துவரின் மனைவி. ஊரில் யாருக்கு என்ன துயரம் நேர்ந்தாலும் வந்து உட்காரும் இடம் அவருடைய வீடு. 1993 ஜனவரியில், கணவருக்கும் தன் தோழிக்கும் இடையிலான உறவை அறிந்து, மனமுடைந்து காரை ஓட்டிச் செல்லும் மவ்ரீன் விபத்தில் இறப்பதாகக் கதை எழுதப்பட்டது. பார்வையாளர் குழுக்களிடம் நடத்திய கருத்தறிதலில் இந்தப் பாத்திரத்துக்குப் போதிய ஆதரவு இல்லை என்று தெரியவந்ததே இந்த முடிவுக்குக் காரணம் என்று இன்றுவரை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு, சிறந்த துணை நடிகைக்கான ‘டேடைம் எம்மி’ விருது எலன் பார்க்கருக்கே கிடைத்தது. அந்தத் தொடரின் சரிவு எங்கே தொடங்கியது என்று கேட்டால், பழைய ரசிகர்கள் பலர் அந்த விபத்தைத்தான் சுட்டுகிறார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ‘உங்களுக்கு மிகவும் பிடித்த பாத்திரம் எது?’ என்று கேட்டால் மக்கள் நாயகியைச் சொல்வார்கள். அல்லது ரசித்து வெறுக்கும் வில்லனைச் சொல்வார்கள். வீட்டுக்கு வருபவர்கள் வாசல் கோலத்தைப் புகழ்வார்கள். கூரையைத் தாங்கும் உத்தரத்தை யாரும் புகழ்வதில்லை. யாரைப் பிடிக்கிறது என்பது ஒரு கேள்வி. யாரை நம்பி அந்த வீடு நிற்கிறது என்பது வேறொரு கேள்வி. கருத்தறிதல்கள் முதல் கேள்வியை மட்டுமே கேட்கின்றன.

நம்மிடையேயும் இதற்கு உதாரணம் உண்டு. 2018 முதல் 2023 வரை விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில், அண்ணன் தம்பிகளின் தாயான லட்சுமியாக ஷீலா நடித்தார். கதையை நகர்த்தும் வேலை அந்தப் பாத்திரத்திடம் அதிகம் இல்லை. 2021-இல் லட்சுமி இறந்துபோவதாகக் காட்டப்பட்டபோது, கூட்டுக் குடும்பத்தின் கதையிலிருந்து அதன் அச்சாணியே கழற்றப்பட்டதுபோல் ரசிகர்கள் பலர் உணர்ந்தார்கள்.

நடிகர் போனாலும் பாத்திரம் போவதில்லை

தமிழ்த் தொடர்களுக்கே உரிய ஒரு வாசகம் உண்டு: ‘இவருக்குப் பதில் இவர்’. நேற்றுவரை ஒரு முகம். இன்று திரையில் நான்கு நொடி இந்த வரி. அதன்பின் வேறொரு முகம். மருமகள் பதறுவதில்லை, மாமியார் வியப்பதில்லை. ரசிகர்களும் பழகிவிட்டார்கள்.

ஆனால், சில நேரங்களில் இந்த வாசகம் போதாமல் போகிறது. சன் தொலைக்காட்சியின் ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த இயக்குநர் மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று, அந்தத் தொடருக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடல்நலம் குன்றிக் காலமானார். குணசேகரன் நல்லவன் அல்ல. வீட்டுப் பெண்களைக் கால்தூசாக நடத்தும் ஆணாதிக்கவாதி. அவனுடைய வீழ்ச்சியைக் காணத்தான் பெண்கள் அந்தத் தொடரைப் பார்த்தார்கள். ஆனாலும், மாரிமுத்துவின் மறைவுக்குத் தங்கள் வீட்டில் ஒருவர் போனதுபோல் அவர்கள் கலங்கினார்கள். ‘ஏய், இந்தாம்மா’ என்ற அந்த அதட்டலில், தங்களுக்கு நன்கு தெரிந்த யாரோ ஒருவரின் குரலை அவர்கள் கேட்டிருந்தார்கள்.

சில வாரங்களுக்குப் பின் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். அவர் தேர்ந்த கலைஞர். ஆனால், அந்த நாற்காலியில் யார் அமர்ந்தாலும் ஒப்பிடப்படுவார்கள் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்திருக்கும். அதேபோல், ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் காலமான பிறகு, அந்தப் பாத்திரம் காவ்யாவிடம் சென்றது. இழப்பு நிஜமானது, ஆனால், மறுவாரத்துக்கான கதை காத்திருந்தது.

இங்கே ஒரு முரணைப் பார்க்கலாம். நடிகர் நலமாக இருக்கும்போதே, தேவையில்லை என்று பாத்திரத்தைக் கொன்றுவிடுகிறார்கள். நடிகரே இறந்தாலும், தேவைப்படுகிறது என்றால் பாத்திரத்தைச் சாகவிடுவதில்லை. வாழ்வையும் சாவையும் கதை தீர்மானிப்பதில்லை என்பதை ரசிகர்கள் அறிந்துகொள்ளும் இடம் இதுதான்.

யார் தீர்மானிக்கிறார்கள்?

தொடர் நடிகர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். நடித்த நாள்களுக்கே ஊதியம். மூத்த நடிகர் ஒருவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் அவருக்கான அத்தனை நாள் ஊதியமும் மிச்சம். திரைப்பட வாய்ப்பு, ஊதியப் பேச்சு, மகப்பேறு, உடல்நலம், தேதிச் சிக்கல் எனப் பாத்திரம் மறைய இன்னும் பல காரணங்கள் உண்டு. இவற்றில் எதுவும் கதைக்குள் சொல்லப்படுவதில்லை. ‘வெளியூர் போயிருக்கிறாள்’ என்று ஒரு வசனம். பிறகு அந்த ஊரிலிருந்து அவள் திரும்பி வருவதே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது பார்வையாளர் அளவீடு. நாடு முழுவதும் 55,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் பொருத்தப்பட்ட கருவிகளைக் கொண்டு, எந்த அலைவரிசையை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ‘பார்க்’ அமைப்பு கணிக்கிறது. வாரந்தோறும் வெளிவரும் அந்த எண்களைப் பார்த்துத்தான் கதை திரும்புகிறது. தொலைக்காட்சி ஓடுகிறதா, யார் பார்க்கிறார்கள் என்பதை அந்தக் கருவி அறியும். ஏன் பார்க்கிறார்கள் என்பதை அறியாது. அன்றிரவு என் அம்மா தொலைக்காட்சியை அணைத்தது, கருவி இருந்திருந்தால் பதிவாகியிருக்கும். மறுநாள் வேறு துணையின்றி அவர் அதை மீண்டும் போட்டதும் பதிவாகியிருக்கும். ‘ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்’ என்று அந்த எண்ணுக்குப் பொருள் கொள்ளப்பட்டிருக்கும்.

உயிர்த்தெழுதல் தீர்வாகுமா?

அப்படியானால் ரசிகர்கள் கேட்கும்போதெல்லாம் இறந்தவர்களைத் திருப்பிக் கொண்டுவரலாமா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ‘டல்லஸ்’ தொடரில் 1985-இல் இறந்த பாபி யூயிங், 1986-இல் குளியலறையில் நின்றுகொண்டிருந்தான். இடைப்பட்ட ஓராண்டுக் கதை முழுவதும் அவன் மனைவி கண்ட கனவு என்றார்கள். பாபி திரும்பினான், ஆனால், தாங்கள் ஓராண்டாகப் பட்ட துக்கம் பொய் என்று சொல்லப்பட்டதை ரசிகர்கள் பலரால் ஏற்க முடியவில்லை.

இந்தியில் 2000-இல் தொடங்கிய ‘க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ’ தொடரில் நாயகன் மிஹிர் இறந்ததாகக் காட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில் ஒரு மைல்கல். மக்களின் கோரிக்கைக்குப் பணிந்து மிஹிர் திரும்ப வந்தார். 2025 ஜூலையில் அந்தத் தொடர் புதிய வடிவில் தொடங்கியபோது, ஸ்மிருதி இரானியுடன் அதே அமர் உபாத்யாய் மிஹிராகத் தோன்றினார். கால் நூற்றாண்டு கழித்தும் அந்தப் பெயருக்கு மதிப்பிருக்கிறது. ஆனால், மரணத்தைத் திரும்பப் பெற முடியும் என்று ஒருமுறை காட்டிவிட்டால், அதற்குப் பிறகு வரும் எந்த மரணத்துக்கும் பார்வையாளர் முழுமனதோடு அழமாட்டார்.

எழுத்தாளருக்குத் தன் பாத்திரத்தை முடித்துவைக்கும் உரிமை உண்டு. வாழ்க்கையில் மரணம் இருக்கிறது; கதையில் இருக்கக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பிரிவுக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்றே கேட்கிறார்கள்.

அதற்கும் முன்மாதிரி உண்டு. பிரிட்டனின் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் 1964 முதல் ஹில்டா ஆக்டன் என்ற துப்புரவுப் பணிப்பெண்ணாக நடித்தவர் ஜீன் அலெக்சாண்டர். தலையில் சுருட்டுக் கட்டைகளோடும் வாய் ஓயாத வம்புப் பேச்சோடும் வலம்வந்த பாத்திரம் அது. அவர் விலக விரும்பியபோது ஹில்டாவைக் கொல்லவில்லை. கணவரை இழந்திருந்த அவர், கிராமம் ஒன்றில் ஒரு மருத்துவரின் வீட்டைப் பராமரிக்கும் வேலைக்குச் செல்வதாக எழுதினார்கள். 1987 கிறிஸ்துமஸ் அன்று தெருவாசிகள் கூடி அவரை வழியனுப்பிவைத்ததை 2 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். ஒரு துப்புரவுப் பணிப்பெண்ணின் விடைபெறலுக்கு ஒரு தேசமே உட்கார்ந்திருந்தது.

நம் தொடர்களுக்கு இது எட்டாத உயரம் அல்ல. இதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டாம். நடிகர் விலகுவது முன்கூட்டியே தெரிந்தால், ஒரு வாரக் கதையை அந்தப் பாத்திரத்துக்கு ஒதுக்கலாம். அவர் போன பிறகும் அவர் பெயர் அந்த வீட்டில் ஒலிக்கலாம். ‘அம்மா இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார்?’ என்ற ஒரு வசனத்துக்குக் கால்ஷீட் தேவையில்லை. பத்தாண்டு உழைத்த மூத்த நடிகரை, ஒரே ஒரு மாலை போட்ட புகைப்படமாகச் சுருக்காமல் இருக்கலாம்.

இது பொழுதுபோக்கு சார்ந்த சிறு விஷயம் என்று தோன்றலாம். ஆனால், மாலை நேரங்களில் தொடர்களையே துணையாகக் கொண்டு தனித்திருக்கும் முதியவர்கள் நம் நகரங்களிலும் கிராமங்களிலும் பெருகிவருகிறார்கள். ஒரு வீட்டை நாற்பது ஆண்டுகள் தாங்கியவர் மறைந்தபின், அந்த வீடு எத்தனை நாளில் அவரை மறக்கும் என்பதை அவர்கள் தினமும் திரையில் பார்க்கிறார்கள். அதில் தங்களுக்கான செய்தியும் இருப்பதாக அவர்கள் எடுத்துக்கொண்டால், அவர்களைக் குறைசொல்ல முடியாது.

அன்று அம்மா கேட்டது ஒரு தொடரைப் பற்றி மட்டுமல்ல. எங்கள் வீட்டுக் கூடத்திலும் மாலை போட்ட ஒரு புகைப்படம் இருக்கிறது. அதில் இருப்பவரைப் பற்றி அந்த இரண்டு ஆண்டுகளில் நான் அம்மாவிடம் எத்தனை முறை பேசியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணிவிடலாம்.